இயந்திரம், மென்பொருள், முகவரி: தனிநபர் வலைத்தள நடத்துகையின் வரலாறு (1990–2018)

ஆய்வுச்சுருக்கம்

தொழில்நுட்ப ஆர்வலர்கள் தமக்கென வலைத்தளம் அமைத்துத் தாமே நடத்தும் வழக்கம் இணைய வலையின் தொடக்கத்திலிருந்தே இருந்து வருகிறது. இவ்வழக்கத்தைச் சொந்தக் கணினியில் தளம் இயங்குகிறதா என்ற ஒற்றை அளவுகோலால் மதிப்பிடுவது பொதுவழக்காக உள்ளது. தளத்தின் உடைமை என்பது இயந்திரம், மென்பொருள், முகவரி என மூன்று அடுக்குகளாகப் பிரிந்து நிற்பது என்பதை இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின் வழி நிறுவுகிறது. தமிழ்த் தளங்களுக்கு எழுத்துருக் குறியாக்கம் நான்காம் அடுக்காக அமைந்ததையும் எடுத்துக்காட்டுகிறது. ஒரு தளத்தின் நிலைபேற்றை இயந்திரத்தின் மீதான உடைமையைக் காட்டிலும் இடம்பெயரும் உரிமையும் படியெடுக்கும் உரிமையுமே உறுதிசெய்துள்ளன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தனிநபர் வலைத்தளம், வழங்கி, களப்பெயர், கட்டற்ற மென்பொருள், தமிழ்க் குறியாக்கம், மின்னாவணப் பாதுகாப்பு

முன்னுரை

1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைத்தளத்தை இயக்கினார். அத்தளம் இயங்கிய நெக்ஸ்ட் கணினி பின்னர் அருங்காட்சிப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டது. தளத்தின் தொடக்கநிலைப் பக்கங்களோ அவ்வாறு பாதுகாக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டில் செர்ன் அந்த முதல் முகவரியை மீட்டமைத்தபோது அதனிடம் இருந்த மிகப் பழைய படி 1992ஆம் ஆண்டுக்குரியது. அதனினும் பழைய, 1991ஆம் ஆண்டைச் சேர்ந்த படியொன்று அமெரிக்காவின் வடக்குக் கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸின் கணினியில் இருந்தது. பெர்னர்ஸ்-லீ அங்குச் சென்றிருந்தபோது அவரிடமிருந்து பெற்ற படி அது.

இயந்திரம் உரியவரிடமே இருந்தும் பக்கம் வேறொருவரின் கணினியில்தான் எஞ்சியது என்னும் இச்செய்தி, வலைத்தள உடைமை பற்றிய ஓர் அடிப்படை வினாவை எழுப்புகிறது. ஒருவர் தம் வலைத்தளத்தைத் ‘தம்முடையது’ என்று கூறும்போது அவருக்கு உரியதாக இருப்பது எது? தளம் இயங்கும் கணினியா, அக்கணினியில் இயங்கும் மென்பொருளா, தளத்தைக் கண்டடைய உதவும் முகவரியா, அல்லது தளத்தில் உள்ள எழுத்தா? இவ்வினாவுக்கான விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தை 1990 முதல் 2018 வரையிலான காலப்பகுதியில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் ‘வழங்கி’ என்னும் சொல், கேட்போருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினியையும் அப்பணியைச் செய்யும் மென்பொருளையும் இடத்திற்கேற்பக் குறிக்கும். ‘களப்பெயர்’ என்பது டொமைன் எனப் பொதுவழக்கில் அறியப்படும் இணையப் பெயரைக் குறிக்கும்.

1. தொடக்ககாலம்: எழுதுபவரும் நடத்துபவரும் ஒருவரே

பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் செர்ன் நிறுவனத்திடம் அளித்த முன்மொழிவு, ஆய்வுக்கூடத்தின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தேவையிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய ‘வேர்ல்டுவைடுவெப்’ என்னும் உலாவி பக்கங்களைக் காட்டியதோடு அவற்றைத் திருத்தவும் வல்லதாக இருந்தது. படிக்கும் கருவியே எழுதும் கருவியாகவும் அமைந்த இவ்வடிவமைப்பு, வலையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் எழுதுபவராகவும் இருப்பார் என்ற எண்ணத்தைப் புலப்படுத்துகிறது.

நெக்ஸ்ட் கணினியின் மீது பெர்னர்ஸ்-லீ சிவப்பு மையால் எழுதி ஒட்டிய சீட்டு, இக்காலத்தின் நிலையை நன்கு விளக்கும் சான்றாகும். இந்த இயந்திரம் ஒரு வழங்கி என்றும் இதனை அணைக்கக் கூடாது என்றும் அச்சீட்டு அறிவித்தது. ஒரு மேசைக் கணினியின் மின்விசையை யாரேனும் அணைத்துவிட்டால் முதல் வலைத்தளமும் உடன் மறையும் என்பதே அதன் பொருள். இயந்திரம், மென்பொருள், முகவரி, உள்ளடக்கம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில், ஒருவரின் பொறுப்பில் குவிந்திருந்தன.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வலை மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. எவரும் உரிமத்தொகை செலுத்தாமல் வழங்கி நடத்தலாம் என்பதை உறுதிசெய்த இம்முடிவே ஆர்வலர் மரபின் சட்ட அடித்தளமாகும். செர்ன் தரும் கணக்கின்படி, 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அறியப்பட்ட வழங்கிகள் 500க்கு மேற்பட்டிருந்தன. 1994ஆம் ஆண்டின் இறுதியில் அவை 10,000ஆகப் பெருகின. அவற்றுள் வணிகச் சார்புடையவை ஏறத்தாழ 2,000 மட்டுமே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சார்ந்தே இயங்கியது எனக் கொள்ளலாம்.

2. மென்பொருள் பொதுவுடைமையாதல்

1990களின் முற்பகுதியில் தனிநபர் பக்கங்களுக்குப் பல்கலைக்கழகக் கணினிகளே பெரிதும் இடமளித்தன. யூனிக்ஸ் கணினியில் கணக்கு வைத்திருந்த மாணவரோ ஆசிரியரோ தம் கோப்புறைக்குள் குறிப்பிட்டதொரு துணைக் கோப்புறையை உருவாக்கினால், அதிலுள்ள பக்கங்கள் வலையில் தோன்றும். அத்தகைய முகவரிகளில் பயனரின் பெயருக்கு முன் அலைக்குறி இடம்பெற்றது. இம்முறையில் இயந்திரமும் முகவரியும் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. உள்ளடக்கம் மட்டுமே தனிநபருடையது. படிப்பு முடிந்து கணக்கு நீக்கப்படும்போது பக்கமும் அதன் முகவரியும் சேர்ந்தே மறைந்தன.

இக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட வழங்கி மென்பொருள்களுள் ஒன்று இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதியதாகும். 1994ஆம் ஆண்டின் நடுவில் அவர் அம்மையத்தை விட்டு நீங்கியதால் மென்பொருளின் வளர்ச்சி தடைப்பட்டது. அதனைப் பயன்படுத்தி வந்த தள நிர்வாகிகள் தத்தம் தேவைக்கேற்பப் பிழைதிருத்தங்களை எழுதி வைத்திருந்தனர். 1995 பிப்ரவரியில் அவர்களுள் எண்மர் ஒன்றுகூடி அத்திருத்தங்களைத் தொகுக்கத் தொடங்கினர். அம்முயற்சியே அப்பாச்சி வழங்கியாக உருப்பெற்றது. 1995 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. 1996ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே அது என்சிஎஸ்ஏ வழங்கியைப் பின்தள்ளி உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கி மென்பொருளாயிற்று.

பிஎச்பி நிரல்மொழியின் தோற்றமும் இதனை ஒத்ததே. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்தப் பக்கத்தைப் பராமரிக்க 1994இல் எழுதிய சிறு நிரல்களை 1995 ஜூனில் பொதுவெளியில் வைத்தார். ‘தனிநபர் முகப்புப்பக்கக் கருவிகள்’ என்று பொருள்படும் பெயரின் முதலெழுத்துகளே பிஎச்பி ஆயின. 1991இல் தொடங்கிய லினக்ஸ், 1995இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஆகியவற்றுடன் அப்பாச்சியும் பிஎச்பியும் இணைந்தபோது, விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவுமின்றி ஒரு தளத்தை நடத்தும் நிலை உருவாயிற்று. 2003 மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் இதே அடித்தளத்தின் மீது எழுந்தது.

இவ்வடுக்கின் வரலாறு உடைமை பரவலானதன் வரலாறு. மூலநிரல் எவருக்கும் உரியதாக இருந்தமையால் ஒரு நிறுவனம் கைவிட்டபோதும் மென்பொருள் அழியவில்லை. இப்பொதுவுடைமைக்கும் ஒரு விலை இருந்தது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மறையாக்க மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ எனப்படும் பிழை வெளிப்பட்டபோது, பெரு நிறுவனங்கள் முதல் வீட்டில் வழங்கி நடத்துவோர் வரை அனைவரும் சார்ந்திருந்த அம்மென்பொருளை மிகச் சிலரே பராமரித்து வந்தனர் என்பது உலகறியத் தெரிந்தது. தாமே நடத்தும் தளமும் அறிமுகமில்லாத பலரின் உழைப்பைச் சார்ந்தே நிற்கிறது.

3. முகவரி: வாங்க இயலாத உடைமை

இணையத்தில் ஒவ்வொரு கணினியும் ஐபி எண் ஒன்றால் அறியப்படுகிறது. எண்ணை நினைவில் கொள்வது கடினமாதலால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். பெயரும் எண்ணும் பிரிக்கப்பட்டமையால், தளம் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மாற்றினால் போதும். தனிநபர் தளங்களின் வரலாற்றில் இப்பிரிவின் முக்கியத்துவம் பின்னரே உணரப்பட்டது.

1995 செப்டம்பர் வரை ‘.காம்’ முதலிய பெயர்களைப் பதிவுசெய்யக் கட்டணம் இல்லை. அம்மாதத்தில் பதிவுப் பணியை மேற்கொண்டிருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்புதலுடன் 2 ஆண்டுகளுக்கு 100 டாலர் கட்டணம் விதித்தது. 1998இல் ஐகேன் அமைப்பு உருவாகி, 1999இல் பல பதிவாளர்களுக்கு இடமளிக்கப்பட்ட பின் இக்கட்டணம் குறைந்தது. இந்தியாவின் ‘.இன்’ பெயர்களுக்கான விதிகள் 2005இல் தளர்த்தப்பட்ட பின்னரே அவை தனிநபர்களுக்கு எளிதில் கிட்டின.

களப்பெயரை ‘வாங்குதல்’ என்பது பேச்சுவழக்கு. உண்மையில் அது குறித்த காலத்துக்கான பயன்பாட்டு உரிமை மட்டுமே. ‘.காம்’ போன்ற பெயர்களை ஒரே முறையில் அதிகம் போனால் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். புதுப்பிக்கத் தவறினால் அது வேறொருவர் கைக்குப் போகக்கூடும். கணினியை விலைகொடுத்துச் சொந்தமாக்கலாம். மென்பொருளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். முகவரியை மட்டும் எவரும் நிரந்தரமாகக் கைக்கொள்ள இயலாது.

முகவரிக்கும் இயந்திரத்துக்கும் இருந்த பிணைப்பை மற்றொரு தொழில்நுட்ப மாற்றமும் தளர்த்தியது. எச்டிடிபி 1.0 விதிமுறையில், உலாவி தனக்கு வேண்டிய பக்கத்தின் வழியை மட்டுமே வழங்கிக்குத் தெரிவித்தது. எந்தத் தளத்தின் பெயரால் கேட்கிறது என்பதைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தனிப்பெயருடைய ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி எண் தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1, தளப்பெயரையும் சேர்த்து அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. ஒரே கணினி, ஒரே எண்ணைக் கொண்டு பல நூறு தளங்களை வழங்குவது இதனால் எளிதாயிற்று. ஹோஸ்டிங் எனப்படும் வழங்கியிட வாடகை தனிநபருக்கு எட்டும் அளவுக்குக் குறைந்ததற்கு இம்மாற்றம் முக்கியக் காரணமாகும். இயந்திரம் ஆர்வலரின் கையை விட்டு விலகிய அதே காலத்தில், தமக்கென ஒரு பெயர் அவருக்குக் கிட்டியது.

4. இலவச இடமும் அதன் முடிவும்: ஜியோசிட்டீஸ்

களப்பெயருக்கும் வாடகைக்கும் செலவிட இயலாதோர்க்கு இலவச இடமளித்த நிறுவனங்களுள் முதன்மையானது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் 1994இல் வேறொரு பெயரில் தொடங்கிய இந்நிறுவனம், தளங்களை ‘ஹாலிவுட்’, ‘ஏதென்ஸ்’ முதலான பெயர்களுடைய ‘குடியிருப்புகளாக’ வகுத்தது. பயனருக்கு அக்குடியிருப்பில் ஒரு மனை எண் கிடைத்தது. விளம்பர வருவாயைக் கொண்டு இயங்கிய அந்நிறுவனத்தை 1999இல் யாகூ வாங்கியது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் வெளியிடப்பட்ட புதிய பயன்பாட்டு விதிகள், பயனர்கள் ஏற்றிய எழுத்து, படம் ஆகியவற்றின் மீது யாகூவுக்கு விரிவான உரிமை அளிப்பனவாக இருந்தன. பயனர்களின் எதிர்ப்பை அடுத்து அவை விரைவில் திருத்தப்பட்டன. இந்நிகழ்வு, உள்ளடக்கத்தின் உடைமைகூட இடமளிப்பவரின் விதிகளுக்கு உட்பட்டது என்பதைத் தெளிவுபடுத்தியது.

2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. மூடும் அறிவிப்பு அவ்வாண்டு ஏப்ரலிலேயே வெளியாகியிருந்தது. பயனர்கள் தம் பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ளக் காலம் இருந்தது. ஆனால் முகவரியைத் தம்முடன் எடுத்துச்செல்ல வழி இல்லை. மனை எண் ஜியோசிட்டீஸ் களப்பெயரின் கீழ் இருந்தமையால், பிற தளங்களிலிருந்து அதற்குக் கொடுக்கப்பட்ட இணைப்புகள் அனைத்தும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. தளத்தைக் கவனிப்பாரற்று விட்டுச்சென்றோர், காலமானோர் ஆகியோரின் பக்கங்களுக்கு உரியவர் எவரும் இலர். அவற்றுள் பெரும்பகுதி எஞ்சியிருப்பதற்கு, 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவும், ஜேசன் ஸ்காட் முதலியோர் 2009இல் உருவாக்கிய ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவும் அந்த இறுதி மாதங்களில் எடுத்த படிகளே காரணம்.

5. தமிழ்த் தளங்களும் நான்காம் அடுக்கும்

மேற்கூறிய மூன்று அடுக்குகள் எல்லா மொழிகளுக்கும் பொது. தமிழில் தளம் அமைத்த ஆர்வலருக்கு நான்காவதாக எழுத்துக் குறியாக்கம் என்னும் அடுக்கும் இருந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையேறியது இத்துறையின் தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. தொலைபேசி வழி இணைப்பு பேசி முடித்ததும் அறுந்துவிடும் அழைப்பைப் போன்றது. ஒவ்வொரு முறையும் ஐபி எண்ணும் மாறக்கூடியது. அத்தகைய இணைப்பைக் கொண்டு வீட்டில் வழங்கி நடத்துவது இயலாதாகையால், இந்தியாவில் இருந்த ஆர்வலருக்கு அயலிட வழங்கியே கதியாக இருந்தது.

இடம் கிடைத்த பின்னரும் எழுத்துச் சிக்கல் எஞ்சியது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அதனைச் சரிவரக் காட்டும் இயங்குதளங்கள் அப்போது பரவலாக இல்லை. விண்டோஸ் 2000 பதிப்பில்தான் தமிழுக்கான ஆதரவும் ‘லதா’ எழுத்துருவும் சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியாக்க முறை ஒன்றைக் கொண்டிருந்தது. தளத்தைப் படிக்க விரும்புவோர் அத்தளத்துக்குரிய எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. 1997ஐ ஒட்டி உலாவிகளில் அறிமுகமான இயங்கு எழுத்துரு நுட்பம், பக்கத்துடன் எழுத்துருவையும் அனுப்ப வழிசெய்தது. ஆனால் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வெவ்வேறு வடிவங்களைக் கையாண்டன.

இப்பன்மையைக் களையும் நோக்கில் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் 1997 முதல் கூடி வகுத்தது டிஸ்கி என்னும் 8 பிட்டுக் குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. ஆகவே பொதுத் தரம் வந்த பின்னரும் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் நிலவின. அக்காலத் தளங்களுள் எழுத்துருவும் மாற்றுநிரலும் கிடைக்காமற் போனவற்றின் பக்கங்கள், கோப்பு அழியாமல் இருந்தும், இன்றைய உலாவியில் பொருளற்ற ரோமன் குறிகளாகத் தோன்றுகின்றன. முகவரியும் இயந்திரமும் இருந்து, எழுத்து மட்டும் மறைந்த நிலை இது.

இப்பின்னணியில் மதுரைத் திட்டத்தின் வரலாறு சிறப்பாக நோக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அளித்தனர். தொடக்ககாலத்தில் தமிழ்.நெட் தளத்தின் ஒரு பகுதியாக இருந்த இத்திட்டம், பின்னர்த் தன் பெயரிலேயே அமைந்த களப்பெயருக்கு மாறியது. டிஸ்கி வடிவில் அளிக்கப்பட்ட நூல்கள் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும், அம்முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் அக்கோப்பைக் கட்டணமின்றிப் பரப்பலாம் என்ற இசைவு அளிக்கப்பட்டிருந்தது. முகவரியும் குறியாக்கமும் மாறிய பின்னரும் நூல்கள் எஞ்சியமைக்கு இந்த இசைவும் இடம்பெயர்வுக்கான ஆயத்தமும் காரணங்களாகும். குறியாக்கம் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டிருந்ததால் மாற்றுநிரல் எழுதுவதும் எளிதாயிற்று.

முகவரியில் தமிழ் இடம்பெற்றது மிகப் பின்னரே. ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய உயர்நிலைக் களங்கள் 2010–2011 ஆண்டுகளில் டிஎன்எஸ் வேர்ப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலாவியில் தமிழாகத் தோன்றும் இப்பெயர்கள், டிஎன்எஸ் முறைக்குள் ரோமன் எழுத்துகளும் எண்களும் கொண்ட மாற்றுவடிவிலேயே பதிவாகின்றன.

6. வீட்டு வழங்கி: தடையும் மீட்சியும்

அகலப்பட்டை இணைப்பு வந்தபோது வீட்டில் வழங்கி நடத்துவது மீண்டும் இயலுமென ஆர்வலர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் வீட்டு இணைப்புகள் நுகர்வோரை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஏடிஎஸ்எல் இணைப்பில் பதிவிறக்க வேகம் மிகுதி. பதிவேற்ற வேகம் குறைவு. வழங்கி நடத்துவோர்க்கு வேண்டியதோ பதிவேற்றம். ஐபி எண் அடிக்கடி மாறியமையால், மாறுந்தோறும் களப்பெயரைப் புதிய எண்ணுடன் இணைக்கும் இயங்கு டிஎன்எஸ் சேவைகளை ஆர்வலர்கள் நாடினர்.

ஐபி எண்களின் பற்றாக்குறை இதனினும் பெரிய தடையாயிற்று. ஐபி 4ஆம் பதிப்பில் உள்ள எண்கள் ஏறத்தாழ 430 கோடி. 1994இல் முன்வைக்கப்பட்ட நேட் நுட்பம், ஒரே பொது எண்ணைப் பல கணினிகள் பகிர வழிசெய்து இப்பற்றாக்குறையைத் தள்ளிப்போட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுத் தொகுப்பில் இருந்த இறுதி எண் தொகுதிகள் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதன்பின் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணின் பின் வைக்கும் முறையைப் பெரிதும் மேற்கொண்டன. அத்தகைய வீட்டிலிருந்து வெளியே செல்ல வழியுண்டு. வெளியிலிருந்து அவ்வீட்டின் கணினியை நேரே அடைய வழியில்லை. சொந்தக் கணினி இருந்தும் வழங்கி நடத்த இயலாத நிலை இவ்வாறு தோன்றியது.

இதே காலத்தில் மறுதிசையிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன், ஒவ்வொரு வீட்டிலும் சிறிய தனி வழங்கி இருத்தல் வேண்டும் என வாதிட்டார். ஃப்ரீடம்பாக்ஸ் திட்டம் அதிலிருந்து பிறந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை, சில வாட்டு மின்சாரத்தில் நாள் முழுவதும் இயங்கும் வழங்கியை மாணவருக்கும் எட்டச் செய்தது. 2015 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட், மறையாக்கச் சான்றிதழ்களைக் கட்டணமின்றித் தானியங்கு முறையில் அளித்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி மறையாக்கம் இல்லாத தளங்கள் அனைத்தையும் பாதுகாப்பற்றவை எனக் குறிக்கத் தொடங்கியது. இலவசச் சான்றிதழ் வந்திராவிடில் இம்மாற்றம் சிறு தளங்களுக்குப் பெருஞ்சுமையாகியிருக்கும். எனினும் 90 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அச்சான்றிதழ், வீட்டு வழங்கியையும் வெளி நிறுவனம் ஒன்றுடன் தொடர்ந்து பிணைத்தது என்பதையும் மறுக்க இயலாது.

2018இல் பார்சிலோனாவில் கிரிஸ் டி டெக்கர் தம் ‘லோ-டெக் மேகசின்’ இதழுக்கு அமைத்த சூரிய ஆற்றல் வழங்கி, இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. சிறு கணினி ஒன்று வீட்டு மாடத்தில் வைத்த சூரியத் தகட்டாலும் மின்கலத்தாலும் இயங்குகிறது. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் தளம் நின்றுவிடும் என்பதை வாசகருக்கு முன்னரே அறிவித்துள்ளனர். செர்ன் கணினியின் சிவப்பு மைச் சீட்டு, இயந்திரம் ஒருபோதும் நிற்கக் கூடாது என்றது. இத்தளமோ இயந்திரம் நிற்பதை இயல்பாக ஏற்றது. இதழின் கட்டுரைகள் பிற வடிவங்களிலும் கிடைப்பதால் அந்நிறுத்தம் இழப்பாகவில்லை.

7. மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகள் மூன்று அடுக்குகளின் போக்கும் வேறுபட்டதைக் காட்டுகின்றன. மென்பொருள் 1993க்குப் பின் படிப்படியாகப் பொதுவுடைமையாயிற்று. இயந்திரம் 1997க்குப் பின் வாடகைப் பொருளாகி, 2012க்குப் பின் ஓரளவு வீடு திரும்பியது. முகவரி எக்காலத்தும் தற்காலிக உரிமையாகவே இருந்து வருகிறது.

இயந்திரம் தம் வீட்டில் இருந்தாலொழியத் தளம் தம்முடையதாகாது என்று கருதும் ஆர்வலர் உண்டு. இடமளிப்பவரின் விதிமாற்றத்திலிருந்து விடுபடுவதற்கு அது துணைபுரியும் என்பதில் உண்மை உள்ளது. 1999ஆம் ஆண்டின் யாகூ நிகழ்வு அதற்குச் சான்று. கற்றல் நோக்கிலும் வீட்டு வழங்கிக்கு ஈடில்லை. ஆயினும் நிலைபேறு என்னும் நோக்கில் அக்கருத்து முழுமையாகப் பொருந்தவில்லை. முதல் வலைத்தளத்தின் இயந்திரம் இருந்தும் அதன் பழைய படி வேறிடத்தில் கிடைத்தது. ஜியோசிட்டீஸ் பக்கங்கள், அவற்றைப் படைத்தவரும் இடமளித்தவரும் அல்லாத மூன்றாமவரால் எஞ்சின. மதுரைத் திட்ட நூல்கள் இடமும் குறியாக்கமும் மாறியும் நிலைத்தன. மூன்றிலும் பொதுவாக அமைந்தது படி. பின்னதில் மட்டும் அப்படி தற்செயலாக நிகழாமல், தொடக்கத்திலேயே இசைவாகவும் ஏற்பாடாகவும் அமைந்தது.

முடிவுரை

தனிநபர் வலைத்தள நடத்துகையின் வரலாறு, தனித்தியங்கும் உரிமையைத் தேடிய வரலாறாகத் தோன்றினும், பிறரைச் சார்ந்திருப்பதை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்று கற்ற வரலாறாகவே விளங்குகிறது. ஒரு வழங்கியிட நிறுவனத்தைச் சார்ந்திருப்பவர், தமக்கெனக் களப்பெயர் வைத்திருந்தால் வேறிடம் செல்லலாம். ஒரு மென்பொருளைச் சார்ந்திருப்பவர், அதன் மூலநிரல் கட்டற்றதாக இருந்தால் அதனைத் தொடரலாம். வரையறுக்கப்பட்ட பொதுக் குறியாக்கத்தில் எழுதியவரின் எழுத்தை வருங்காலத்தவர் மாற்றிப் படிக்கலாம். இவற்றுள் ஒன்றும் இல்லாதவரின் தளம், இயந்திரம் யாருடையதாயினும், அவ்வியந்திரத்தின் ஆயுளுக்கு உட்பட்டது.

தமிழாய்வுத் துறையினருக்கு இம்முடிபு நேரடித் தொடர்புடையது. ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் தம் தொகுப்புகள், சொல்லடைவுகள், களஆய்வுப் பதிவுகள் ஆகியவற்றைத் தத்தம் தளங்களில் ஏற்றி வருகின்றனர். அவ்வாறு செய்வோர் தமக்கென முகவரி, யூனிகோடு எழுத்து, பிறர் படியெடுத்துப் பேணுவதற்கான எழுத்துவழி இசைவு ஆகிய மூன்றையும் தளத்தின் முதல் நாளிலேயே உறுதிசெய்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்தே நூல்களைக் காத்து வந்த மரபுக்கு இது புதிய செய்தியன்று. சுவடியின் ஓலை அழிவது இயல்பென்று அறிந்து, அது அழியுமுன் மற்றோர் ஓலையில் எழுதி வைத்தோரின் நடைமுறையே வலைத்தளத்துக்கும் பொருந்துகிறது.